திருகாணி இல்லாத கண்ணாடி

சத்திரம், மாடி, ஆறாம் நம்பர் அறை
அக்டோபர் 11

கடையே கதி என்றிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் மடக்கி வைத்ததற்காக முழங்கால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, இப்போது சமாதானம் ஆகிவிட்டது. உங்கள் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? மருந்து அடுப்புக்கு மேல் தட்டில்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவருக்குக் கண்ணெதிரில் இருப்பது தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்த அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் துணி மாட்ட நான்கு ஆணி. ஜன்னலைத் திறந்தால் மலை. உச்சி முழுக்க நம் சமணக் கோயில்கள்தான். நூற்றுக்கணக்கில் இருக்கிறதாம். கீழிருந்து பார்த்தால் மலைக்குப் பல் முளைத்த மாதிரி வெள்ளை வெளேர் என்று தெரிகிறது. மழைக்காலம் நான்கு மாதமும் மேலே ஏறக் கூடாது. படியெல்லாம் புல்லும் புழுவும் பூச்சியுமாக இருக்கும், நம் கால் பட்டு ஒன்றும் சாகக் கூடாது என்று மூடி வைத்திருக்கிறார்கள். திறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

அப்படியானால் ஒரு மாதம் முன்னாடியே எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். திறந்த பிறகு கூட்டத்தில் அறை கிடைக்காது. அதனால்தான்.

சத்திர மேனேஜர் ஒரு தாள் முழுக்கச் சட்டம் எழுதி ஒட்டியிருக்கிறார். தோலில் செய்த பை, பெல்ட், செருப்பு எதுவும் மேலே போகக் கூடாது. மேலே எதையும் சாப்பிடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

மழைக்காலத்துக்கு ஊர் ஊராகப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட துறவிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் வெள்ளைத் துணியில் வரிசையாகப் போவார்கள். எனக்கு எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறார்கள்.

கதவைப் பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

கடை
அக்டோபர் 19

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம், நீ நலமா என்று எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன். சளி போய்விட்டது. மருந்து நீ சொன்ன தட்டில் இல்லை, அதற்கு அடுத்த தட்டில் இருந்தது. நானே சமைக்கிறேன், சாப்பிட்டுவிட்டு என்னை நானே மன்னித்துக்கொள்கிறேன்.

எதிர்க்கடைப் பூட்டுக்காரர், மனைவியை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறீரோ என்று தினமும் கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கூட்டத்தில் அறை கிடைக்காதென்று எழுதியிருக்கிறாய். முப்பத்து நான்கு வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தவன் நான். காதில் பூச்சுற்றுவதென்றால் கொஞ்சம் புதுப் பூவாகப் பார்த்துச் சுற்று. துறவிகள் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிகிறார்களாம். உனக்குத் தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை, டெஸ்ட் செய்தவனே நான்தான்.

அந்த விஷயத்தை எனக்கு எழுதாதே. எனக்கு இருந்தது ஒரே மகள். ஒன்பது வருஷத்துக்கு முன் துறவுக்குப் போகிறேன் என்று நின்றது. பெற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டவள் நீ. நான் போடவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் போட மாட்டேன். மலையைப் பற்றி எழுது, போதும்.

அங்கே யாராவது புத்தகத்தை மூக்கில் ஒட்டவைத்துப் படிக்கிறார்களா? தொழில் புத்தி, சும்மா கேட்டேன்.

உன் புருஷன்

சத்திரம்
அக்டோபர் 27

கோபக்கார வீட்டுக்காரருக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பூட்டுக்காரர் பார்த்துக்கொள்வதில் சந்தோஷம்.

ஆமாம், பார்த்தேன். வந்த மறுநாளே பார்த்தேன். உங்களுக்கு எழுத எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. அங்கேதான் ஆறு துறவியம்மாக்கள் தங்கியிருக்கிறார்கள். நம் பாப்பா மூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயது. மொட்டைத் தலையில் அரை விரல் அளவு முடி வளர்ந்திருக்கிறது, அதையும் கையாலேயே பிடுங்கிவிடுவார்கள். நான் விழுந்து கும்பிட்டேன். பெற்ற பிள்ளையின் காலில் விழுந்தது எனக்குக் கூச்சமாகவே இல்லை. எல்லோருக்கும் சொல்கிற மாதிரி "தர்மலாபம்" என்று வாழ்த்தினாள். அப்புறம், "நீங்க எப்ப வந்தீங்க?" என்றாள்.

நீங்க. பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை வா, போ என்றே பேசியவள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அறைக்கு வந்து அழுதேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், மூக்கில் ஒட்டித்தான் படிக்கிறாள். தீட்சை அன்றைக்கு, உலோகம் வைத்துக்கொள்ளக் கூடாதென்று, நீங்கள் செய்து கொடுத்த கம்பி ஃபிரேமைக் கழற்றி என் கையில் கொடுத்தாள் என்று அன்றைக்கே வந்து சொன்னேன் அல்லவா? அப்போது யாரோ தானமாகக் கொடுத்த பிளாஸ்டிக் கண்ணாடிதான் இன்னமும். நடுவில் உடைந்து நூல் சுற்றியிருக்கிறது. இடது பக்கம் காதில் மாட்டும் கால் இல்லை, கயிறு கட்டியிருக்கிறாள். வேறு கண்ணாடி வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க மாட்டாள். கேட்பது அவர்கள் வழக்கம் இல்லை. நடக்கும்போது கம்பளி நூல் துடைப்பத்தால் தரையை ஒதுக்கிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை ஒதுக்கும் இடத்தை இவள் மூன்று முறை ஒதுக்குகிறாள். எறும்பு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிவதில்லை.

மலை திறந்ததும் இவர்கள் தொண்ணூற்றொன்பது தடவை ஏறி இறங்கப் போகிறார்களாம். ஒரு தடவைக்கு மூவாயிரம் படி.

கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஒன்பது வருஷமாக அதை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறேன். தீட்சை அன்றைக்கு நீங்கள் கடையைத் திறந்துவைத்து யாருக்கோ பவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் அவள் போகாமல் இருந்தாளா?

உங்கள் வீட்டுக்காரி

கடை
நவம்பர் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

தொழில் சம்பந்தமாக மட்டும் ஒன்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் படிக்கும்போது எழுத்து மூக்கிலிருந்து எத்தனை விரல் தூரத்தில் இருக்கிறது? அதற்கு ஒரு விரற்கடை தள்ளினால் மங்குகிறதா? தெளிவாகத் தெரியும் அந்தக் கடைசித் தூரம் எவ்வளவு என்று தெரிந்தால் பவர் கணக்குப் போட்டுவிடலாம். எனக்கு மூன்றரை இஞ்ச். சின்ன வயதிலிருந்தே அதற்கும் என் கண்தான். பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறார்கள் என்று அழுதுகொண்டு வரும். அந்தப் பட்டம் என்னால் வந்ததுதான்.

விரல் கணக்கு எழுதினால் உன் விரலா என் விரலா என்று எழுது. பையில் தையல் டேப் இருக்கும், அதில் அளந்து எழுதினால் இன்னும் நல்லது. இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு, காதுக்குக் காது எவ்வளவு என்பதும் வேண்டும். இது ஒரு கேள்விதான். வேறு அர்த்தம் கற்பித்துக்கொள்ளாதே.

உன் புருஷன்

சத்திரம்
நவம்பர் 16

வேறு அர்த்தம் எதுவும் இல்லாத என் வீட்டுக்காரருக்கு,

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நேற்று முன்தினம் மலை திறந்தார்கள். எழுத நிறைய இருக்கிறது.

முதலில் உங்கள் அளவு. டேப்பை அவள் முகத்துக்கு நேராக நீட்ட முடியுமா? நூல் சுற்றிய கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினாள், அப்படியே ஒரு வரி படித்தாள். நான் கும்பிடுவதுபோலப் பக்கத்தில் குனிந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்தத் தூரத்துக்குப் பிரித்துக்கொண்டேன். பிரித்த விரலை மூடாமல் கூடத்திலிருந்து மாடி வரை வந்தேன். எதிரே வந்த மேனேஜர், கை சுளுக்கிக்கொண்டதா என்று கேட்டார். டேப்பில் மூன்றேகால் இஞ்ச். இரண்டு நாள் விட்டு மறுபடி அளந்தேன், அதேதான். மற்ற அளவுகள் தாளின் பின்பக்கம்.

இனி மலை. விடியும்போதே கிளம்பினோம், வெறுங்கால். முடியாதவர்களை டோலியில் வைத்து இரண்டு பேர் தூக்கிப்போகிறார்கள். நான் டோலியில் ஏறினால் தூக்குகிறவர்கள் பாவம் என்று நடந்தேன். ஆயிரம் படிக்கு மேல் யார் பெற்ற முழங்காலோ என்று விட்டுவிட்டேன். மேலே போனதும் பாருங்கள்: மதில், வாசல், முற்றம், அதற்குள் இன்னொரு மதில், இன்னொரு முற்றம். திரும்பிய இடமெல்லாம் கோயில், மாடத்துக்கு மாடம் தீர்த்தங்கரர். அத்தனை சிலைக்கும் கண்ணாடிக் கண் பதித்திருக்கிறார்கள். பளிச்சென்று நம்மையே பார்க்கிறது. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் வந்திருந்தால் சாமி கும்பிடாமல் எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்று சுரண்டிப் பார்த்திருப்பீர்கள்.

துறவியம்மாக்கள் எங்களுக்கு முன்னாலேயே ஏறிவிட்டார்கள். இறங்கும்போது பாப்பாவுக்குப் பின்னால் நானிருந்தேன். ஒரு திருப்பத்தில் படி தவறி விழுந்தாள். உள்ளங்கை இரண்டும் தேய்ந்து ரத்தம். நான் பதறிப்போய் உட்கார்ந்தேன். அவள் கையைப் பார்க்கவே இல்லை. விழுந்த இடத்தைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "கீழே எறும்பு ஏதாவது இருந்துச்சா? பார்த்துச் சொல்லுங்க."

இல்லை என்று சொன்னேன். இருந்தது. இரண்டு. ஒன்று செத்துப்போயிருந்தது.

நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

கடை
டிசம்பர் 12

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். பதில் எழுதவில்லை என்று மேனேஜர் ஃபோனிலிருந்து பூட்டுக்காரரிடம் பேசினாயாம். செத்துப்போகவில்லை, வேலையாக இருந்தேன்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. ஃபிரேமில் உலோகம் துளிகூடக் கிடையாது. மூக்குப் பாலத்திலிருந்து கால்வரை ஒரே பிளாஸ்டிக் தகட்டில் அறுத்தது. மூன்று உடைந்து நான்காவது நின்றது. கால் மடங்கும் இடத்தில் திருகாணிக்குப் பதில் பிளாஸ்டிக் முளை. உன் பின்னல் ஊசிகளில் ஒன்று குட்டையாகியிருக்கும், வந்து சண்டை போடாதே. வஜ்ஜிரப் பசையில் மாட்டெலும்பு இருக்கும் என்பதால் பசையே போடவில்லை, வெந்நீரில் இளக்கி லென்ஸை உட்கார வைத்தேன். பாலிஷ் வழக்கமாகத் தோல் துண்டில் போடுவேன், இதற்குப் பழைய துணியில் போட்டேன். நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. உங்கள் சட்டத்தில் எந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தாலும் இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

மூக்கில் மாட்டியதும் தலை சுற்றினால் பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் பழகிவிடும்.

நான் செய்தது என்று சொல்லாதே. சொன்னாலும் ஒன்றும் இல்லை. சொல்லாதே.

உன் புருஷன்

சத்திரம்
டிசம்பர் 23

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். இதை உட்கார்ந்து படியுங்கள்.

பார்சலைப் பிரித்து, ஃபிரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உங்களைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று இந்த வயதில் தோன்றியது. அப்போதே கூடத்துக்குக் கொண்டுபோனேன். பெரிய துறவியம்மாவும் இருந்தார்கள். பாப்பா முன்னால் துணி விரித்து அதில் வைத்தேன்.

எடுத்து, மூக்குக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கால் மடங்கும் இடத்தில், திருகாணி இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள். யார் கை வேலை என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு கேட்டாள்: "இது யாருக்குச் செஞ்சது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்களுக்கென்று தனியாகச் செய்த எதையும் இவர்கள் வாங்கக் கூடாது. நம் வாசலுக்குப் பிச்சைக்கு வந்த துறவிகளுக்கு, நமக்குச் சமைத்ததிலிருந்துதானே எடுத்துக் கொடுப்போம்? அவர்களுக்கென்று உலை வைத்தால் வாங்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த சட்டம். சோற்றுக்குத் தெரிந்தது கண்ணாடிக்குத் தோன்றவில்லை. உலோகம் பார்த்தீர்கள், எலும்பு பார்த்தீர்கள், தோல் பார்த்தீர்கள். நாம் இரண்டு பேரும் இந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

கடையில் சும்மா கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. எறும்பு விஷயத்தில் ஒருமுறை ஏமாற்றியாயிற்று. என்னை நம்பி, நான் சொல்வதுதான் உண்மை என்று உட்கார்ந்திருக்கிறவளை இன்னொரு தடவை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. "உனக்குத்தான்" என்றேன்.

இரண்டு கையாலும் எடுத்துத் திரும்பத் துணியில் வைத்துவிட்டாள். "எனக்காகச் செஞ்சதை நான் வாங்கக் கூடாது. உங்களுக்குத் தெரியுமே" என்றாள். ஒருமுறை மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. நான் எழுந்து வரும்போது மெதுவாக, "செஞ்சவருக்குக் கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சரிதானே?

இனி என் முழங்கால் தாங்காது. ஜனவரி நான்காம் தேதி கிளம்புகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

கடை
டிசம்பர் 30

வீட்டுக்காரிக்கு,

நலம்தான்.

அந்தக் கண்ணாடியை அங்கே யாருக்கும் கொடுத்துவிடாதே, எடுத்துக்கொண்டு வா. நானே போட்டுக்கொள்கிறேன். எனக்கும் அதற்கும் ஒரு பவர்கூட வித்தியாசம் இல்லை. என் கண்ணாடியிலும் கீறல் விழுந்து வருஷமாகிறது. வேண்டாம் என்பவர்களிடம் கெஞ்ச எனக்குத் தெரியாது.

குற்றம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். சொல்லியிருந்தால் தேவலை.

ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன் புருஷன்

சத்திரம், மாடி, ஆறாம் நம்பர் அறை
பிப்ரவரி 20

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மேலே எழுதியிருக்கும் விலாசத்தைப் பார்த்து நீ ஆச்சரியப்பட மாட்டாய் என்று நினைக்கிறேன். லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். இங்கே வந்து பையைப் பிரித்தால் என் தோல் பெல்ட்டைக் காணோம், அதற்குப் பதில் துணி பெல்ட் இருக்கிறது. தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ரயிலில் இரண்டு நாள் திருடன் மாதிரி முழித்துக்கொண்டு வந்திருக்க மாட்டேன்.

உடம்பு நலம். உனக்கு முழங்கால் வீக்கம் வடிந்ததா?

வந்து ஐந்து நாளாகிறது. இன்னும் மலை ஏறவில்லை. தினமும் விடியற்காலையில் அவர்கள் சத்திரத்தைத் தாண்டிப் போவார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பேன். முதல் நாளே எது பாப்பா என்று தெரிந்துவிட்டது. மற்றவர்கள் நடக்கிறார்கள், அது தேடுகிறது. அடிவாரம்வரை தூரத்தில் பின்னால் போய்ப் பார்த்தேன். முதல் படியில் காலை வைக்குமுன் விரலால் விளிம்பைத் தடவுகிறது. ஒவ்வொரு படிக்கும் அப்படி. மூவாயிரம் படி. அதற்காக அறுத்து, தேய்த்து, பாலிஷ் போட்ட கண்ணாடியை நான் மூக்கில் மாட்டிக்கொண்டு, அது தடுமாறுவதைத் துல்லியமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எண்பது தடவை ஏறிவிட்டார்களாம். மேனேஜர் சொன்னார். நாளைக்கு ஏறுகிறேன் என்று நானும் ஐந்து நாளாக அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் இப்போது கேட்பதையே விட்டுவிட்டார்.

போய் முன்னால் நின்றால் என்னவென்று பேச்சை ஆரம்பிப்பது? எனக்கு அது மட்டும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் புருஷன்

வீடு
பிப்ரவரி 24

ஐந்து நாளாக ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் வீட்டுக்காரருக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது. நான் நலம். கடையைப் பூட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், வந்தவர்களிடமெல்லாம் நீங்கள் லென்ஸ் வாங்கப் போயிருப்பதாகச் சொல்லிக் கண்ணைச் சிமிட்டுகிறார்.

லென்ஸ் வாங்கப் போகிறவர் எதற்கு மூன்று செட் துணி எடுத்துப்போகிறார்? அதுவும் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்து எடுத்துப்போகிறார்? பெல்ட்டை மாற்றும்போது சிரித்தேன், அப்புறம் அழுதேன். சொல்லியிருந்தால் நீங்கள் வீம்புக்குப் போகாமல் இருந்துவிடுவீர்கள் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் உங்களை அப்பா என்று கூப்பிட மாட்டாள். ‘நீங்க’ என்பாள். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொல்வாள். நான் அதற்குத் தயாராகாமல் போய் அடிபட்டேன், நீங்கள் தயாராகிப் போங்கள். என்ன கொடுக்கலாம், எப்படிச் சட்டத்தைச் சுற்றிப் போகலாம் என்று மட்டும் மூளையைக் கசக்காதீர்கள். வெறுங்கையோடு போங்கள்.

ஆரம்பிக்க வார்த்தை கேட்டீர்கள். என்னிடம் இல்லை. ஏறுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

சத்திரம்
மார்ச் 1

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம். காலெல்லாம் வலி, அதைத் தவிர நலம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தாளை மூக்கில் ஒட்டவைத்து எழுதுகிறேன், மூக்கு நுனியெல்லாம் மை.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று விடியலில் ஏறினேன். தங்கியிருந்தது மலையடிவாரத்தில் என்றாலும் மலை அவ்வளவு உயரம் என்று ஏறும்போதுதான் தெரிந்தது. டோலிக்காரர்கள் பாதி தூரம் என் பின்னாலேயே வந்தார்கள், எப்படியும் விழுவான் என்று நினைத்திருப்பார்கள். மேலே போய்க் கண்ணாடிக் கண்ணையும் பார்த்தேன். சுரண்டவில்லை. நல்ல வேலை. கும்பிட்டேன்.

கோயில்களுக்குப் பின்னால் ஒரு முற்றத்தில் துறவியம்மாக்கள் இளைப்பாறப் போனார்கள். பாப்பா உட்காரப்போகும் இடத்தைத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தது. ஒதுக்கிய இடத்தையே திரும்பத் திரும்ப ஒதுக்கியது. நான் நான்கடி தூரத்தில் போய்க் கும்பிட்டு நின்றேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "தர்மலாபம்" என்றது. யாரோ ஒரு ஆளுக்குச் சொல்கிற மாதிரி.

நீ எழுதியபடி நான் தயாராகித்தான் போனேன். ஆனால் இது அது இல்லை. அதற்கு நான் யார் என்றே தெரியவில்லை. நான்கடியில் நிற்கும் என் முகம் தெரியவில்லை.

"நான்தான்" என்றேன். குரலைக் கேட்டதும் கையில் துடைப்பம் அப்படியே நின்றுவிட்டது. அப்புறம், "படியேறினதுல உங்களுக்கு மூச்சு வாங்கலையே?" என்று கேட்டது. இல்லை என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. கை தானாகப் போய்க் கண்ணாடியைக் கழற்றியது. நாம் கையில் கொடுக்கக் கூடாதாமே, துணி விரித்தார்கள், அதில் வைத்தேன். எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டது.

"உனக்குத்தான் செஞ்சேன். நீ வேண்டாம்னே. கோபத்துல நானே போட்டுக்கிட்டேன். ரெண்டு மாசமா இது என் கண்ணாடி. இப்ப மனசாரக் கொடுக்கறேன்" என்றேன். பொய் ஒரு சொல் கிடையாது.

பாப்பா பெரிய துறவியம்மா இருந்த பக்கம் திரும்பியது. அவர், வேறு கண்ணாடி வைத்திருக்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். பழசு வீட்டில் இருக்கிறது, இங்கே இல்லை என்றேன். அப்படியானால் எப்படி இறங்குவீர்கள் என்றார். பாப்பா இத்தனை நாள் எப்படி இறங்கியதோ அப்படி என்றேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். எனக்கு அதுதான் மலை ஏறியதைவிட நீளமாக இருந்தது. ஒருவர் எடுத்துப் போட்டுப் பழகிய பொருள், இனி அது அவர் பொருள்தான், அவர் கொடுத்தால் வாங்கலாம் என்றார்.

பாப்பா மாட்டிக்கொண்டது. முதலில் தரையைப் பார்த்தது. குனிந்து தரையை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு உருவம், அவ்வளவுதான். ஒன்பது வருஷம் கழித்து அது என்னைப் பார்த்தபோது எப்படிப் பார்த்தது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அழுதேன். கண்ணாடி இல்லாததால் துடைக்கச் சுலபமாக இருந்தது.

இறங்கும் நேரம் வந்தது. என்னைத் தொட்டுக் கை பிடிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. கைத்தடி ஒன்று யாரோ கொடுத்தார்கள். முதல் படியைத் தேடிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு படி கீழேயிருந்து, "படி" என்று குரல் வந்தது. காலை வைத்தேன். "படி" என்றது. வைத்தேன். "இது உயரம்." "இங்க ஈரமா இருக்கு." "திரும்பணும், வலது பக்கம்." அப்படியே கீழேவரை வந்தோம். மூவாயிரம் படிக்கும் சொல்லிற்று. தொண்டை கட்டிக்கொண்டது, அப்போதும் நிறுத்தவில்லை. நடுவில் ஒரு இடத்தில், "நில்லுங்க, எறும்பு வரிசை. போகட்டும்" என்றது. நின்றோம். கடைசி எறும்பு போகிறவரை நின்றோம். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் நின்றதில்லை.

அப்பா என்று சொல்லவில்லை. நீ எழுதியது சரிதான். எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை.

கீழே வந்ததும் மேனேஜர் பதறிப்போய், பக்கத்து ஊரில் கண்ணாடிக் கடை இருக்கிறது, மத்தியானத்துக்குள் ஒன்று வாங்கிவந்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் நாளைக்கும் ஏறுகிறார்கள். நானும் ஏறுகிறேன். தொண்ணூற்றொன்பதுக்கு இன்னும் பன்னிரண்டு பாக்கி இருக்கிறது.

என் பழைய கண்ணாடி மேசை டிராயரில் இருக்கிறது. அதை அவசரப்பட்டுத் தபாலில் போட்டுவிடாதே. இரண்டு வாரம் கழித்து அனுப்பினால் போதும்.

உன் புருஷன்